சாமந்திப் பொட்டலம்

கார்த்திகை 28, ஞாயிறு

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: கோயில் செயலாளரும் பெயிண்ட் கடைக்காரருமான ஏகாம்பரம். சந்திரமௌலி குருக்கள். என் வீட்டுக்காரர் தணிகாசலம். நான், பர்வதவர்த்தினி. ஏகாம்பரத்தின் பேத்தி இதழினி, வயது மூன்று, பாதியில் தூங்கிவிட்டாள். கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருத்தி: தெருமுனையில் புதிதாக டிபன் கடை போட்டிருக்கும் பஞ்சவர்ணம். கருவறைக்குள் நீ. ஆக ஏழு பேர். பிள்ளையாரப்பா, நீ வாயே திறக்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மார்கழி மாதம் காலைப் பிரசாதத்துக்குப் பொங்கல் வைப்பது யார் என்பதுதான் விஷயம். பதினோரு வருஷமாக நான்தான் வைக்கிறேன். இருந்தாலும் வருஷா வருஷம் ஏகாம்பரம் கேட்பார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு முன்ன மாதிரி முடியலைங்க, வேற யாரையாச்சும் பாருங்க" என்பேன். "அதெப்படிம்மா, உங்க கை மாதிரி வருமா" என்று எல்லாரும் ஒரே குரலாகச் சொல்வார்கள். "சரி, இந்த ஒரு வருஷம்" என்பேன். மங்கலம் நகரில் இதெல்லாம் ஒரு முறை. பிறகு சுண்டல் கொடுத்துக் கூட்டம் முடியும்.

இன்றும் சொன்னேன். எல்லாரும் வாயெடுக்குமுன் கேட்டுக்கு வெளியிலிருந்து ஒரு குரல்.

"அக்காவுக்கு முடியலைன்னா நான் வச்சுத் தாரேங்க. கடையில அடுப்பு சும்மாதான இருக்கு."

எனக்கு உடம்பு உடனே சரியாகிவிட்டது.

"முடியாதுன்னு யார் சொன்னா? கொஞ்சம் கால் வலி. அவ்வளவுதான். இப்ப அதுவும் இல்ல."

மதுரைப் பக்கத்துக்காரி. ஊர் முறை தெரியாதவள். காதில் பிளாஸ்டிக் தோடு போட்டிருக்கிறாள். இந்தக் காலத்து நாகரிகம்.

மார்கழி 1, செவ்வாய்

பச்சரிசி இரண்டு படி, பாசிப்பருப்பு ஒரு படி, மிளகும் சீரகமும் வேண்டிய மட்டும். நெய் உபயதாரர் கொடுத்தது போதவில்லை. வீட்டிலிருந்து அரை டம்ளர் கொண்டுபோய் ஊற்றினேன். அதை வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. குருக்களிடமும் ஏகாம்பரம் வீட்டம்மாவிடமும் பால் போடுகிற பெண்ணிடமும் மட்டும் சொன்னேன்.

கோபுரத்துக்கு இந்த வருஷம் பச்சை அடித்திருக்கிறார்கள். போன வருஷம் ரோஸ். ஏகாம்பரத்தின் கடையில் எது மிஞ்சுகிறதோ அதுதான் உனக்கு.

தீபாராதனை காட்டும்போது மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் ஒன்று தலைக்கு மேலே போயிற்று. குருக்கள் மணி அடித்தது அவருக்கே கேட்டிருக்காது. உனக்குக் கேட்டதா?

மார்கழி 3, வியாழன்

கூட்டம். நேற்றைவிட இன்று அதிகம். பல்லாவரம் ஸ்டேஷனுக்குப் போகிற ஆபீஸ் பிள்ளைகள், ஜவுளிக்கடைப் பெண்கள், தோல் கம்பெனிக்குப் போகிறவர்கள், எல்லாரும் வந்து உன்னை ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். தொன்னை போதாது என்று கையோடு டிபன் டப்பா கொண்டுவருகிறார்கள். "வீட்ல பெரியவங்களுக்கும் பிரசாதம் குடுங்கம்மா" என்று கேட்கும்போது எப்படி மறுப்பது? ஒருவன் இரண்டு அடுக்குக் கேரியரே கொண்டுவந்தான். அவனுக்கு வீட்டில் பெரியவர்கள் நிறைய இருக்க வேண்டும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை என்று யார் சொன்னது. நாளை முதல் அரிசி மூன்று படி.

மார்கழி 5, சனி

துணி துவைத்தேன். அவருடைய வெள்ளைச் சட்டையில் மார்புப் பக்கம் குங்குமம் கொட்டியிருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு வேறு. பூண்டு வாசனை அடிக்கிறது. இப்போதெல்லாம் குங்குமத்தில் எதை எதையோ கலக்கிறார்கள்.

மனுஷர் இந்த மார்கழியில் நல்ல விரதம். பேப்பர் வாங்கிவர என்று காலையில் போகிறார், முக்கால் மணி கழித்து வருகிறார், பொங்கலை இரண்டு வாய்க்கு மேல் தொடுவதில்லை. "போதும் பர்வதம், வயிறு நெறஞ்சிருக்கு" என்கிறார். சாமி தரிசனத்திலேயே வயிறு நிறைகிற நிலைக்கு வந்துவிட்டார். எனக்கு இன்னும் அது வாய்க்கவில்லை.

மார்கழி 7, திங்கள்

அரிசி ஐந்து படி. புது அண்டா இரவல் வாங்கியிருக்கிறது.

மத்தியானம் பஞ்சவர்ணம் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தூக்கு, அதில் சாம்பார். வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன். வந்து, உட்காரச் சொல்லியும் சுவரோரமாக நின்றுகொண்டு பேசினாள்.

"அக்கா, கோவிச்சுக்கக் கூடாது. ஒன்னு கேக்கணும்."

"கேளு."

"கார்த்திகையில கடை தொறந்தப்ப காலை ஏவாரம் நல்லாத்தாங்க்கா இருந்துச்சு. ஸ்டேஷனுக்குப் போற புள்ளைக நாலு இட்லி, ஒரு வடைன்னு வாங்கிட்டுப் போவாங்க. மார்கழி பொறந்ததும் ஒருத்தரும் வரலை. எங்கடா போச்சு இந்தக் கூட்டமுன்னு பாத்தா, எல்லாம் டப்பாவத் தூக்கிக்கிட்டு உங்க வரிசையில நிக்குது. எம் மாவு புளிச்சுப் போய்க் கீழ ஊத்துறேங்க்கா."

"அது சாமி பிரசாதம். வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

"பிரசாதத்த வேணாங்கல. கையில ஒரு வாய் குடுங்க, கும்பிட்டுத் தின்னுட்டுப் போகட்டும். டப்பா நெறையக் குடுத்தா அது பிரசாதமாக்கா? அது டிபன்ல?"

எனக்கு வந்ததே கோபம். ஆனால் வீடு தேடி வந்தவள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு வருஷப் பெருமை, உபயதாரர்களின் சந்தோஷம், டப்பா கொண்டுவருகிறவர்களின் பக்தி, ஊர் முறை தெரியாதவர்கள் வாயை அடக்கிக்கொள்வதன் அவசியம், இவற்றை மட்டும் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் காதைத் தொட்டுக் காட்டினாள். "தங்கத் தோட்ட அடகு வச்சுத்தாங்க்கா கடை போட்டேன். தை பொறக்குற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஏவாரம் திரும்பலைன்னா ஷட்டர எறக்கிட்டு ஊருக்குப் போயிர வேண்டியதுதேன்."

அப்போதுதான் அந்தப் பிளாஸ்டிக் தோடு நாகரிகம் இல்லை என்று தெரிந்தது.

போன பிறகு சாம்பாரை ருசி பார்த்தேன். கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான். மூன்று தரம் பார்த்தேன். கெட்டுப்போகவில்லை.

மார்கழி 8, செவ்வாய்

டப்பாக்காரர்கள் இன்னும் கூடிவிட்டார்கள். இன்று ஒருவன் உன்னைக் கும்பிட மறந்து நேராக வரிசைக்கே வந்துவிட்டான். அவசரமாயிருக்கும்.

மார்கழி 10, வியாழன்

ஏகாம்பரம் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார். கோயிலுக்கும் அவர்தான் செயலாளர், தெரு வியாபாரிகள் சங்கத்துக்கும் அவர்தான். பஞ்சவர்ணம் சங்கத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நீங்க சொல்றதுலயும் இருக்கு. நான் யார் பக்கம் பேசுறது?" என்றார்.

"சாமி பக்கம் பேசுங்க" என்றேன்.

"அப்ப சாமியையே கேட்டுடலாம். நாளைக்கு வெள்ளிக்கிழமை. பூ வெச்சுப் பாத்துடலாம்."

மங்கலம் நகரில் எந்த வழக்கு வந்தாலும் இதுதான் தீர்ப்பு. மழைத்தண்ணீர்க் கால்வாயை எந்தப் பக்கம் வெட்டுவது என்பதைக்கூட உன்னைக் கேட்டுத்தான் வெட்டினார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகக் காகிதத்தில் பொட்டலம் கட்டி உன் காலடியில் வைப்பது. விவரம் தெரியாத குழந்தை ஒன்று எடுப்பது. எடுத்தது எந்தப் பூவோ அதுதான் உத்தரவு. இரண்டும் சாமந்தியாகத்தான் இருக்க வேண்டும். வேறு வேறு ஜாதிப் பூவாக இருந்தால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வெள்ளை வந்தால் பொங்கல் இப்போது போலவே டப்பா நிறைய. சிவப்பு வந்தால் கையில் ஒரு வாய்.

பொட்டலம் கட்டுவது எப்போதும் நான்தான். எனக்குத்தான் மடி, ஆசாரம் எல்லாம் உண்டு என்று எல்லாரும் நம்புகிறார்கள். பூக்காரியிடம் வெள்ளைச் சாமந்தி ஒரு கை, சிவப்புச் சாமந்தி ஒன்று வாங்கி வந்தேன்.

மார்கழி 11, வெள்ளி

உன் உத்தரவு ஆயிற்று. வெள்ளை.

காலையில் பொட்டலம் கட்டும்போது கரண்ட் இல்லை. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அரிசி வேறு கொதித்துக்கொண்டிருந்தது. எப்படியோ கட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன். குருக்கள் வாங்கி உன் காலடியில் வைத்துத் தீபாராதனை காட்டி, தட்டோடு கருவறைப் படியில் கொண்டுவந்து வைத்தார். இதழினி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து ஒன்றை எடுத்தாள். ஏகாம்பரம் பிரித்துத் தூக்கிக் காட்டினார். டப்பாக்காரர்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவன் விசில் அடித்தான்.

பஞ்சவர்ணம், "சாமி சொல்லிருச்சு. அம்புட்டுதேன்" என்றாள்.

மீதிப் பொட்டலத்தை எடுக்க நான் குனிந்தேன். என் முழங்கால் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"சாமி காலடியில இருந்த பூ. வீணாப் போகலாமாக்கா? நான் வச்சுக்கறேன்."

படி இறங்கும்போது பிரித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பூவைக் கொண்டையில் சொருகிக்கொண்டு போய்விட்டாள்.

வெயிலில் அது என்ன நிறம் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடி போட்டிருக்கவில்லை அல்லவா.

மார்கழி 12, சனி

அடுக்களை மேடையில் சிவப்புச் சாமந்தி ஒன்று வாடிக் கிடந்தது. அவர் எடுத்துப் பார்த்து, "இது என்ன பூ பர்வதம்?" என்றார். "பூன்னா பூ. அதுக்கு ஒரு விசாரணையா?" என்றேன். துளசிச் செடிக்குள் போட்டுவிட்டேன்.

மார்கழி 13, ஞாயிறு

பஞ்சவர்ணம் தரிசனத்துக்கு வந்தாள். தொன்னையில் ஒரு கரண்டி வாங்கி, ஓரமாக நின்று தின்றுவிட்டு, "நல்லாருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். தலையில் வெள்ளைச் சாமந்தி.

மார்கழி 14, திங்கள்

இன்றும் வெள்ளைச் சாமந்தி.

மார்கழி 15, செவ்வாய்

இன்றும். இந்தத் தெருப் பூக்காரியிடம் மல்லி இல்லையா, கனகாம்பரம் இல்லையா? அவளும் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை. ஏகாம்பரம் வழக்கம்போலப் பேசுகிறார். குருக்கள் வழக்கம்போலத் தன் பெரிய டப்பாவை நீட்டுகிறார். சொல்வதற்குத்தான் என்ன இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்றும் இல்லை.

மார்கழி 16, புதன்

பொங்கலில் உப்பு இரண்டு தரம் விழுந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. டப்பாக்காரர்கள் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கேரியர்க்காரன் மட்டும், "தயிர் ஊத்திக்கலாம்" என்று வாங்கிக்கொண்டான்.

பஞ்சவர்ணம் தொன்னையை வழித்துத் தின்றாள். "நல்லாருக்குக்கா" என்றாள்.

அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்கழி 18, வெள்ளி

உபயதாரர் கொடுத்த முந்திரி தீர்ந்துவிட்டது. வாங்கிவரப் போகும் வழியில் பஞ்சவர்ணத்தின் கடை. உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. வெயிலுக்கு ஒதுங்கினேன். மார்கழியில் என்ன வெயில் என்று கேட்காதே.

கடை சுத்தமாக இருந்தது. நாலு மேசை, துடைத்துத் துடைத்துப் பளபளவென்று. மூன்று மேசை காலி. நாலாவது மேசையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் இட்லியைச் சிவப்புச் சட்னியில் அமுக்கி அமுக்கித் தின்றுகொண்டிருந்தார். அந்த முதுகை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும்.

"என்னங்க" என்றேன்.

இட்லி தட்டில் விழுந்தது. சட்னி சட்டையில் தெறித்தது. அதே இடம்.

"பேப்பர் வாங்க வந்தேன் பர்வதம்."

"பேப்பர் எங்க?"

"இன்னும் வரலை."

"மணி ஒன்பது ஆகுது."

பஞ்சவர்ணம் நடுவில் புகுந்தாள். "அய்யா ஒருத்தர்தாங்க்கா தெனமும் வாராரு. இந்தத் தெருவுல எனக்குன்னு இருக்குற ஒரே ஏவாரம். அவரையும் வெரட்டிராதீக."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத நேரத்தில் வந்தது. அவளும் சிரித்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை, அவசரமாக இன்னொரு இட்லியை முடித்தார்.

எனக்கு ஒரு தட்டு வைத்தாள். இட்லி பூப் போல. சட்னியில் பூண்டும் மிளகாயும் எண்ணெயும் சரியான கைப் பக்குவம். கூடவே பொங்கலும் ஒரு கரண்டி வைத்தாள். அதை வாயில் போட்டதும் தண்ணீர் டம்ளரைத் தேடினேன்.

"சொல்லுங்கக்கா. எனக்கே தெரியும்."

"சுவத்துல ஓட்டை இருந்தா அடைக்கலாம்" என்றேன்.

"பருப்ப வறுக்கணுமாக்கா?"

"வறுக்கணும். ஆனா சிவக்கக் கூடாது. வாசனை வந்ததும் எறக்கிடணும். நீ தண்ணியும் குறைச்சு வைக்கிற. பொங்கல் ஆறினா எறுகும், அந்த எறுகலுக்குச் சேர்த்துத் தண்ணி வைக்கணும்."

அவள் கேட்டுக்கொண்டாள். அந்தப் பூவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தலையில் அது இருந்தது. எனக்கு நேராக, மேசைக்கு அந்தப் பக்கம்.

"இது காலி ஆகுமா இன்னைக்கு?" என்று இட்லிக் கொப்பரையைக் காட்டிக் கேட்டேன்.

"ஆகாதுக்கா. சாயங்காலம் மாட்டுக்கு வைப்பேன்."

வீட்டுக்கு வந்து முந்திரி வாங்க மறந்துபோனது ஞாபகம் வந்தது.

மார்கழி 19, சனி

இன்று திருவாதிரை. பொங்கல் இல்லை, களி. டப்பாக்காரர்கள் களியைப் பார்த்துவிட்டு, "கூட்டு இல்லையாம்மா?" என்றார்கள். கூட்டு வைக்கத் தவறியது என் தப்புதான் போல.

தீபாராதனை முடிந்ததும் ஏகாம்பரத்திடம் சொன்னேன். "விடியக்காலம் பிள்ளையார் கனவுல வந்தாரு."

"அப்படியா? என்ன சொன்னாரு?"

"டப்பா வேண்டாமாம். தொன்னையில ஒரு கரண்டி, கோயில்லயே நின்னு சாப்பிட்டுட்டுப் போகணுமாம்."

"போன வாரம் வெள்ளிக்கிழமை வெள்ளை குடுத்தாரே?"

"அது அன்னைக்கு. யோசிச்சுப் பாத்திருக்காரு."

பிள்ளையாரப்பா, நீ கனவில் வரவில்லை. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆனால் வந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாய். உன் வேலையைக் கொஞ்சம் முன்னதாகச் செய்தேன், அவ்வளவுதான்.

மார்கழி 20, ஞாயிறு

அரிசி இரண்டு படி. தொன்னை மட்டும். கேரியர்க்காரன் கேரியரைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்றான். "வீட்ல பெரியவங்க..." என்றான். "கூட்டிட்டு வாப்பா, தரிசனமும் ஆகும்" என்றேன்.

மார்கழி 21, திங்கள்

பக்தர்கள் குறைவு. பனி அதிகம் என்பதால் இருக்கும்.

மார்கழி 22, செவ்வாய்

பனி இல்லை. பக்தர்கள் அப்படியும் குறைவுதான். வந்தவர்கள் பன்னிரண்டு பேர். ஆனால் அவர்கள் பிரகாரம் சுற்றினார்கள். ஒரு ஜவுளிக்கடைப் பெண் உன் முன்னால் கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றாள். பத்து வருஷத்துக்கு முன் கூட்டம் இவ்வளவுதான் இருந்தது. நான்தான் மறந்துபோயிருக்கிறேன்.

திரும்பும்போது தெருமுனையில் வரிசை நின்றது. டப்பாக்களை எல்லாம் நான் அடையாளம் கண்டுகொண்டேன். கேரியர்க்காரன் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோவித்துக்கொள்ள நான் யார்.

அவர் கடைக்குள் இடம் கிடைக்காமல் வெளியே நின்று தின்றுகொண்டிருந்தார்.

மார்கழி 25, வெள்ளி

பஞ்சவர்ணம் வீட்டுக்கு வந்தாள். இந்தத் தரம் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"அக்கா, தை ஒன்னுலருந்து நீங்க எங்கூட வரணும்."

"எங்க?"

"கடைக்குத்தேன். காலையில ரெண்டு மணி நேரம். பொங்கல் மட்டும் நீங்க வைங்க, மத்தது என் பாடு. லாபத்துல பங்கு. டப்பாக்காரங்க தெனமும் கேக்குறாங்க, 'கோயில் அம்மா பொங்கல் மாதிரி இல்லையே'ன்னு. நீங்க சொன்ன மாதிரி பருப்ப வறுத்தேன், தண்ணியக் கூட்டினேன். சுவத்துல ஒட்டாம இப்பத் தரையில ஓடுது."

"நான் வீட்ட விட்டுப் போய் எங்கயும் வேலை பாத்ததில்லை."

"கோயில்ல பாத்தது என்னவாம்? அண்டா தூக்கினது வேலை இல்லையா? வெளியில பலகை வைக்கப் போறேன். பேர எழுதச் சொல்லிருக்கேன். 'பர்வதம் அம்மா கைப்பொங்கல்'னு."

கோயில் சுவரில் உபயதாரர் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. என் வீட்டுப் பேரும் உண்டு, 'தணிகாசலம் குடும்பத்தார்' என்று. பெயிண்ட் இலவசம் என்பதால் ஏகாம்பரம் பெரிதாகவே எழுதியிருக்கிறார்.

"பர்வதம் இல்ல. பர்வதவர்த்தினி" என்றேன்.

"பலகையில எடம் பத்தாதேக்கா."

"பெரிய பலகையா வை."

ஆசைப்பட்டுச் சொல்லவில்லை. அம்பாள் பேர், பாதியாகக் குறைத்தால் தோஷம். அதனால்தான்.

"சாமிக்கு வைக்கிற கை, விலைக்கு வைக்கலாமா?" என்று கேட்டேன். "சாமிட்ட நீங்களே கேட்டுச் சொல்லுங்க. ஆனா ஒங்கள நம்பித்தேன் கடை ஓடணும். சீக்கிரமாச் சொல்லுங்க. பலகைக்காரன் திங்கக்கெழமை வர்றான்" என்று போய்விட்டாள்.

மார்கழி 26, சனி

அவரிடம் சொன்னேன்.

"நீ காலையில கடைக்குப் போயிட்டா நான் எங்க சாப்பிடறது?"

"இப்ப எங்க சாப்பிடறீங்களோ அங்கதான்."

கொஞ்ச நேரம் பேப்பரைப் புரட்டினார். பிறகு பேப்பருக்குப் பின்னாலிருந்து, "உன் பொங்கலோட அவ சட்னி சேர்ந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார். முப்பது வருஷத்தில் என் சமையலைப் பற்றி அவர் இவ்வளவு பேசியதில்லை.

ஏகாம்பரம் வீட்டம்மாவிடமும் சொன்னேன். மத்தியானத்துக்குள் ஏகாம்பரம் வந்துவிட்டார்.

"என்னம்மா இது, அடுத்த மார்கழிக்குக் கோயில்ல பொங்கல் யாரு வைப்பா?"

"நான்தான். மார்கழியில கடையில இட்லி மட்டும்னு சொல்லிட்டேன்."

சொல்லவில்லை. ஆனால் சொன்னவுடன் அதுதான் சரி என்று பட்டது. சாயங்காலம் போய் அவளிடமும் சொல்லிவிட்டேன். "அம்புட்டுதான, ஆகட்டும்க்கா" என்றாள்.

"சாமி கைய விலைக்கு விக்கிறதா?" என்று ஏகாம்பரம் இழுத்தார். "பிள்ளையாரு கோபுரத்துக்கு மிச்சப் பெயிண்ட் அடிக்கிறது மாதிரிதான்" என்றேன். காபி குடித்துவிட்டுப் போனார்.

ஆனாலும் உன் உத்தரவு இல்லாமல் நான் போகமாட்டேன். மனுஷர்கள் சொல்வது வேறு, நீ சொல்வது வேறு.

மார்கழி 27, ஞாயிறு

பூக்காரியிடம் வெள்ளைச் சாமந்தி ஒன்று, சிவப்புச் சாமந்தி ஒன்று. அதற்கு மேல் ஒன்றும் வாங்கவில்லை.

பஞ்சவர்ணமும் கடையைச் சாத்திவிட்டு வந்து என் அடுக்களையில் உட்கார்ந்தாள். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் போகக்கூடாது. காகிதத்தைக் கிழித்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் தலையிலிருந்த வெள்ளைச் சாமந்தியை எடுத்து மேடையில் வைத்தாள்.

"அக்கா, சிவப்ப எடுத்து வச்சிருங்க. ரெண்டும் வெள்ளையாவே கட்டிரலாமா?"

இரண்டு வாரமாகத் தலையில் சுமந்துகொண்டிருந்ததை அப்படிச் சாதாரணமாக வைத்தாள். சிரிக்கக்கூட இல்லை. கண்ணில் மட்டும் கொஞ்சம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அபச்சாரம்! சாமி காரியத்துல விளையாடக்கூடாது. அப்படியெல்லாம் யாராவது செய்வாங்களா?" என்று நன்றாகத் திட்டினேன்.

"தப்புத்தேங்க்கா. தெரியாமக் கேட்டுட்டேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் பூவைத் திரும்ப அவள் தலையிலேயே சொருகிவிட்டேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான் சொருகினேன்.

பிறகு நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். எங்கே இருந்தது என்று கேட்காதே, எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. லைட்டையும் போட்டேன். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. இரண்டையும் அவளிடம் காட்டிவிட்டுத்தான் மடித்தேன். நூலை ஒரு சுற்றுக்கு மூன்று சுற்றாகச் சுற்றினேன். இதுவரை எத்தனையோ பொட்டலம் கட்டியிருக்கிறேன், இப்படிச் சுற்றியதில்லை. எது வரும் என்று தெரியாமல் கட்டுவது வேறு மாதிரிதான் இருக்கிறது.

சாயங்கால பூஜையில் குருக்கள் இரண்டையும் உன் காலடியில் வைத்துவிட்டார். நாளைக் காலை இதழினி வருவாள். பஞ்சவர்ணம் போகும்போது, "சிவப்பு வந்துட்டா என்னக்கா செய்வோம்?" என்று கேட்டாள். "வராது" என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. "வந்தா வந்ததுதான். நீ சட்னி குடுத்தனுப்பு, நான் பொங்கல் குடுத்தனுப்பறேன்" என்றேன்.

பிள்ளையாரப்பா, இந்தத் தரம் நான் உன் வேலையில் தலையிடவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் பலகைக்காரன் நாளை பத்து மணிக்கு வருகிறான். முழுப் பேரும் எழுதவேண்டும் என்றால் அவனுக்கு நேரம் பிடிக்கும். தை ஒன்றுக்குப் பருப்பு இப்போதே வாங்கி வைக்க வேண்டும்.

கொஞ்சம் சீக்கிரமாகப் பதில் சொல்.